ஆயிரத்திலிருந்து ஒன்றை எடு

நம் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுது என்று செயலாளர் மூன்றாவது தடவையாக வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டார். இனியும் சாக்குச் சொன்னால் அடுத்த ஆண்டு சந்தாவை இரட்டிப்பாக்கிவிடுவார். எழுதிவிடுகிறேன்.

சாயல்குடியிலிருந்து மூக்கையூர் போகிற ரோட்டில், பனங்காட்டுக்கும் கடலுக்கும் நடுவே இரண்டு ஓலைக் கொட்டகை. அதுதான் நம் பள்ளிக்கூடம். மூன்று வயதிலிருந்து ஆறு வரை சின்னக் கொட்டகை, அதற்கு மேல் பன்னிரண்டு வரை பெரிய கொட்டகை. பஸ்ஸில் யாராவது "எத்தனாவது படிக்கிறே?" என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. "பெரிய கொட்டகை" என்பேன். கேட்டவர் என் அம்மாவைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

பிள்ளைகள் சாமான்களைக் கையாண்டு தாங்களே கற்கிற மாண்டிசோரி முறைதான் நம்முடையது. அதன்படி ஆறிலிருந்து ஒன்பது, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு என்று தனித்தனியாகப் பிரிக்க வேண்டுமாம். இருந்ததே நாற்பது பிள்ளைகள். பெரிய டீச்சர் இரண்டையும் சேர்த்துவிட்டார். மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தியதையும், போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே இருக்க நேர்ந்ததையும் டீச்சர் பக்கத்து வீட்டுக் கதை போலச் சொல்வார். அந்த அம்மாள் வகுத்த கணக்குச் சாமான் கண்ணாடி மணிகளால் ஆனது. அதை வாங்க நம்மிடம் ஏது காசு? கடற்கரையில் பொறுக்கிய பொடிச் சிப்பிதான் நமக்கு மணி. பத்துச் சிப்பியைத் தூண்டில் நரம்பில் கோத்தால் ஒரு சரம். பத்துச் சரத்தைத் துண்டுப் பாயில் வைத்துத் தைத்தால் நூறு. பத்துப் பாயை ஓலைப்பெட்டியில் அடுக்கி மூடினால் ஆயிரம். அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தது இன்னும் நினைவிருக்கிறது. ஆயிரம் என்றால் கனமாக இருக்கும் என்று எனக்கு முதலில் சொன்னது என் கைதான்.

எனக்கு ஏழு வயது இருக்கும். விடிலி அக்கா என் முன்னால் அந்தப் பெட்டியை வைத்து, "இதுல இருந்து ஒரு சிப்பி எடுத்துக் குடு" என்றாள். அவளுக்கு ஒன்பது வயது. பெட்டியைத் திறந்தேன். எல்லாம் பாயில் தைத்துக் கிடந்தது. ஒரு சிப்பியைப் பிய்க்கப் பார்த்தேன், கையில் தட்டினாள். "பிய்க்கக் கூடாது. பேங்குல மாத்திட்டு வா." பேங்க் என்பது மூலையில் இருந்த அலமாரி. பெட்டியைக் கொடுத்துப் பத்துப் பாய் வாங்கினேன். அப்புறமும் ஒற்றைச் சிப்பி கிடைக்கவில்லை. ஒரு பாயைக் கொடுத்துப் பத்துச் சரம், ஒரு சரத்தைக் கொடுத்துப் பத்து உதிரிச் சிப்பி. காலைப் பொழுது முழுக்க இதுதான். கடைசியில் ஒரு சிப்பியை அவள் கையில் வைத்துவிட்டு மிச்சத்தை எண்ணினேன். ஒன்பது பாய், ஒன்பது சரம், ஒன்பது சிப்பி. "பக்கத்துல கடன் வாங்கு" என்று மற்ற பள்ளிகளில் சொல்கிற கழித்தல் இதுதான் என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அவள் ஒரு வார்த்தை விளக்கவில்லை. ஒன்பது வயதில் விளக்கவும் தெரியாது. அது நல்லதாகப் போயிற்று.

விடிலி அக்கா என்று ஏன் பெயர் வந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பங்குனி பிறந்தால் அவள் அப்பா பனையேறக் குடும்பத்தோடு காட்டுக்குள் போய்விடுவார். அங்கே விடிலி என்கிற ஓலைக் குடிசை போட்டு, பதநீர் காய்ச்சி, சிரட்டையில் கருப்பட்டி ஊற்றி, ஆடியில்தான் ஊர் திரும்புவார்கள். வேறு பள்ளியாக இருந்தால் பெயரை அடித்திருப்பார்கள். இல்லை, அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வைத்திருப்பார்கள். டீச்சரிடம் பிள்ளைக்கு ஒரு பக்கமாக ஒரு நோட்டு இருந்தது. அவள் விட்ட இடத்தில் ஒரு கோடு. ஆடியில் வந்ததும் அந்தக் கோட்டிலிருந்து தொடங்குவாள். வகுப்பே இல்லாத இடத்தில் யார் யாருக்குப் பின்தங்குவது? ஒரு தடவை திரும்பி வந்தபோது அவளுக்கு நீள் வகுத்தல் சுத்தமாக மறந்திருந்தது. நான் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கும் கூச்சம் இல்லை, எனக்கும் பெருமை இல்லை. சரி, கொஞ்சம் பெருமை இருந்தது.

என் தாத்தா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இதென்ன புதுசு? எங்க திண்ணைப் பள்ளியில சட்டாம்பிள்ளைதான் சின்னதுகளுக்கு மணல்ல எழுத்துச் சொல்லிக்குடுப்பான்" என்றார். சும்மா சொல்லவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இதைப் பார்த்துத்தான், பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1833-ல் தொடங்கிய பள்ளி இன்றும் மெட்ராஸ் காலேஜ்தான். ஆனால் தாத்தாவின் சட்டாம்பிள்ளை பிரம்பும் வைத்திருந்தானாம். அதை அவர் பிறகுதான் சொன்னார்.

எல்லாம் தேனும் பாலும் இல்லை. ல, ள, ழ எனக்குப் பத்து வயது வரை தகராறுதான். விருப்பப்பட்டதைச் செய்யலாம் என்றதும் ஒருவன் ஒரு முழு மழைக்காலத்தையும் வள்ளம் வரைந்தே தீர்த்தான். சின்னவர்களைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது கேட்க அழகாக இருக்கும். மூக்குச் சளி துடைத்துவிட்டே நானும் பலநாள் களைத்திருக்கிறேன். "விளையாடவா காசு கட்டுறோம்?" என்று அம்மா சண்டைக்குப் போனதும் நியாயம்தான் என்று, பீஸ் கட்டுகிற வயதில் இப்போது தோன்றுகிறது.

அடி விழுந்தது ஆறாம் வகுப்பில், டவுனில் ஒரு பெரிய பள்ளியில். சேர்ந்த முதல் மாதம், கணக்குப் பரீட்சை. பக்கத்தில் இருந்தவன் கழித்தலில் திணறிக்கொண்டிருந்தான். நான் இயல்பாக அவன் பக்கம் திரும்பி, "பேங்குல மாத்தணும்" என்றேன். இரண்டு பேரையும் எழுப்பி முட்டி போட வைத்தார்கள். பரீட்சையில் பக்கத்தில் இருந்தவனுக்கு விடை சொன்னான் என்று என் டைரியில் சிவப்பு மையில் எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். நான் செய்த தப்பு எதுவென்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. முந்தின மாதம் வரை அதற்குப் படிப்பு என்று பெயர்.

பிறகு, 2008 வாக்கில், லீவில் ஊருக்குப் போனபோது அரசுத் தொடக்கப் பள்ளிக்குள் எட்டிப் பார்த்தேன். தரையில் வட்ட வட்டமாகப் பிள்ளைகள், ஒன்றிலிருந்து நான்கு வகுப்பு வரை கலந்து. ஆளுக்கொரு அட்டை, சுவரில் பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படம், தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்த படங்கள். செயல்வழிக் கற்றல். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கியது அதற்குள் மாநிலம் முழுக்க வந்திருந்தது. லீவு போட்டுத் திரும்பும் பிள்ளை விட்ட படியிலிருந்தே ஏறலாம் என்று அங்கிருந்த ஆசிரியர் விளக்கினார். டீச்சரின் நோட்டும் அந்தக் கோடும்தான் எனக்கு ஞாபகம் வந்தன.

போன ஆடியில் சாயல்குடியில் இறங்கினேன். விடிலி அக்கா மெயின் ரோட்டில் கருப்பட்டிக் கடை வைத்திருக்கிறாள். நரைத்துவிட்டது, குரல் மட்டும் அதே குரல். இரண்டு கிலோ நிறுத்துக் கொடுத்தாள். இரண்டாயிரம் ரூபாயாக, நான்கு ஐந்நூறு நோட்டை நீட்டி, துபாய்க்காரன் தோரணையில் "மிச்சத்தை நீயே வச்சுக்கோ அக்கா" என்றேன். முறைத்தாள். கல்லாவைத் திறந்து பார்த்தாள். சில்லறை இல்லை. நோட்டுகளை என் கையிலேயே திணித்தாள்.

"டே, பேங்குல மாத்திட்டு வா."