கட்டை அடுக்கு: பயிற்சிக் குறிப்புகள்

ஜூலை 8, செவ்வாய்

விபத்தில் சிக்கிய கனரக வாகனங்களிலிருந்து ஆட்களை மீட்கும் பயிற்சி இன்று சேலத்தில் தொடங்கியது. காயலான் கடையிலிருந்து பழைய லாரி ஒன்றை இழுத்து வந்து நிறுத்தியிருந்தார்கள். முதல் நாளே வெட்டும் கருவியைத் தருவார்கள் என்று நினைத்தேன். நாள் முழுக்க மரக்கட்டைதான்! சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஆப்பு, சேஸிஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு, அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டை அடுக்கு. "வண்டி ஆடுற வரைக்கும் உள்ள கை வைக்காதீங்க" என்றார் பயிற்றுநர். அப்புறம் பேட்டரி. முதலில் கழற்றுவது நெகட்டிவ் வயர்.

ஜூலை 9, புதன்

காற்றுப்பை. தட்டையான ரப்பர் பாய்; 8 பார் அழுத்தத்தில் காற்று ஏறினால் டன் கணக்கில் தூக்குகிறது. ஆனால் உப்ப உப்ப நடுப்பகுதி மட்டுமே வண்டியைத் தொடும், வலு குறைந்துகொண்டே போகும். அதனால் கட்டை அடுக்கி, இடைவெளியைக் குறைத்த பிறகே பையை வைக்கிறோம். வண்டி ஒரு அங்குலம் எழுந்தால் ஒரு அங்குலக் கட்டை உள்ளே போயாக வேண்டும். ஒரு முறை நான் பிந்திவிட்டேன். பை நழுவி, வண்டி இரண்டு விரற்கடை இறங்கியது. அடியில் கிடந்தது பொம்மைதான். ஆனாலும் வயிறு கலங்கிவிட்டது.

ஜூலை 11, வெள்ளி

கேபின். தரையில் நின்றால் ஓட்டுநர் நம் தலைக்கு மேலே இருக்கிறார். நசுங்கிய தகட்டை நெம்பி விரிக்கும் கனமான விரிப்பானைத் தூக்கிப் பிடித்தால் தோள் விட்டுப்போகிறது. பலகை மேடை போட்டுக்கொண்டோம்.

மாலையில் மருத்துவர் ஒருவர் பேசினார். மணிக்கணக்கில் நசுங்கிய காலை விடுவித்ததும், செத்த தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலந்து இதயத்தையே நிறுத்திவிடலாம். தூக்குவதற்கு முன்பே 108 ஆம்புலன்ஸ் ஆட்கள் சலைன் ஏற்றத் தொடங்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு இரவு. ஸ்டியரிங்குக்கு அடியில் கால் மாட்டிய ஓட்டுநர், தண்ணீர் கேட்டுப் பேசிக்கொண்டே இருந்தார். விடுவித்துவிட்டோம் என்று கைதட்டினோம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அடங்கிவிட்டார். காரணம் இதுதானா என்று என்னால் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்தும் சாப்பிட முடியவில்லை.

ஜூலை 12, சனி

ஏற்காடு மலைப்பாதையில் நேரடிப் பயிற்சி. 20 கொண்டை ஊசி வளைவுகள். சரிவில் ஆப்பு முதலில் இறக்கப் பக்கம். மழை தூறியதால் சீக்கிரம் முடித்தோம்.

ஜூலை 14, திங்கள்

மரவாடிக்குப் போய் இருபது ஆப்பு அறுக்கச் சொன்னேன். தேக்கு வேண்டாம், மென்மரம் போதும். முறிவதற்கு முன் முனகும், நாம் விலகிக்கொள்ளலாம். "பெயிண்ட் அடிச்சுத் தரட்டுங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"வேண்டாங்கண்ணா, விரிசல் விட்டா கண்ணுக்குத் தெரியணும்" என்றேன்.