மல்லிகைப்பூ இட்லியும் ஆங்கில வாசகியும்

நண்பர் ஒருவர் எழுதிய சிறுகதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். கதை நடப்பது மதுரையில், கீழமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில். அங்கே விடியற்காலையில் இட்லிக் கடை போடும் ஒரு மூதாட்டியின் இட்லி ‘மல்லிகைப்பூ மாதிரி’ இருக்கும் என்று ஒரு வரி வருகிறது. தமிழில் படிப்பவர் யாரும் அந்த வரியில் ஒரு நொடிகூட நிற்கமாட்டார். நானும் நிற்காமல் ‘லைக் ஜாஸ்மின்’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். வரைவைப் படித்த ஆங்கில வாசகி ஒருவர், மாவோடு மல்லிகைப்பூவையும் சேர்த்து அரைப்பது உங்கள் ஊர் வழக்கமா என்று பக்கத்தின் ஓரத்தில் குறித்து அனுப்பியிருந்தார்.

அவருடைய கேள்வி நியாயமானது. ஆங்கிலத்தில் மல்லிகை என்றதும் முதலில் எழுவது மணம். தேநீரிலும் வாசனைத் திரவியங்களிலும்தான் அவர்கள் அந்தச் சொல்லோடு பழகியிருக்கிறார்கள். ஆகவே சாப்பாட்டுக்குப் பக்கத்தில் மல்லிகை வந்தால், அது மணத்தையும் சுவையையும் பற்றிய பேச்சாகவே அவர்களுக்குப் படும். நாமோ இட்லியை மல்லிகைப்பூ என்னும்போது மணத்தை நினைப்பதே இல்லை. வெண்மையையும் மென்மையையும் மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மணத்துக்காகவே பெயர் பெற்று, 2013-இல் புவிசார் குறியீடும் வாங்கிய ஒரு பூவிலிருந்து அந்த மணத்தையே விலக்கிவிட்டு மற்ற இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ள நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தாய்மொழியோடு அதுவும் சேர்ந்து வந்துவிட்டது.

‘லைக்’ என்ற சொல் எந்தப் பண்பில் ஒப்புமை என்பதை வாசகரின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறது. ‘ஆஸ் ஒயிட் ஆஸ் ஸ்னோ’ என்பது போன்ற அமைப்பிலோ, இரண்டு ‘ஆஸ்’களுக்கு நடுவே பண்பைச் சொல்லவென்றே ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் வெண்மையையும் மென்மையையும் வைத்து, ‘மல்லிகை மொக்குப் போல’ என்று திருத்தினேன். மொக்கு என்று ஏன் எழுதினேன் என்றால், மதுரையில் மல்லிகையை நாம் வாங்குவது மொக்காகத்தான். ஆனாலும் மனம் ஒப்பாமல், மறுநாள் காலையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய், ஈரச் சாக்கின் மேல் குவித்திருந்த மல்லிகையில் ஒன்றை எடுத்து விரலிடையே உருட்டிப் பார்த்தேன். மொக்கு கெட்டியாக இருந்தது. காம்பை ஒட்டி இலேசான பச்சை ஓடியது. “சாயந்தரம் வரைக்கும் விரியாதுங்க, நம்பி வாங்கிட்டுப் போங்க” என்றார் பூக்காரர். நான் தேடிப் போன மென்மை இரவில் விரிந்த பூவுக்கு உரியது, காலையில் விற்கும் மொக்குக்கு இல்லை. மொக்கை அடித்துவிட்டுப் பூ என்றே எழுதினேன்.

தொல்காப்பியத்தின் உவமவியல், உவமை தோன்றும் வகைகளை வினை, பயன், மெய், உரு என்று முதல் நூற்பாவிலேயே நான்காகப் பகுத்துவிடுகிறது. செயல், அதன் விளைவு, வடிவம், நிறம் என்று இவற்றை எளிமையாகச் சொல்லலாம். எந்த உவமையையும் பெயர்ப்பதற்கு முன்னால் இந்த நான்கில் இது எது என்று கேட்டுக்கொள்வதை வழக்கமாக வைத்திருக்கிறேன். மொழிபெயர்ப்பில் இதைவிட உதவிய கருவி எனக்கு வேறில்லை. நம் ஊர் மீனாட்சியின் பெயரையே எடுத்துக்கொள்வோம். சுற்றுலாத் துண்டறிக்கைகள் பலவற்றில் ‘ஃபிஷ் ஐட்’ தேவி என்று அச்சாகியிருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு வருத்தம் உண்டாகிறது, ஏனென்றால் ஆங்கிலத்தில் மீன்கண் என்பது உணர்ச்சியற்று வெறித்த பார்வையைக் குறிக்கும். கயல் போன்ற வடிவம் என்றால் அது மெய். கயலாகப் புரளும் பார்வை என்றால் வினை. தாய்மீன் தன் பார்வையாலேயே முட்டைகளைப் பொரிக்கும் என்ற பழைய நம்பிக்கையின்படி, அன்னையின் பார்வை பட்டாலே உயிர்கள் காக்கப்படும் என்று பெரியவர்கள் சொல்வது பயன். மூன்றில் எதைச் சொல்லவருகிறோம் என்று முடிவு செய்தால், ஆங்கிலத்தில் வாக்கியம் தானாக அமையும். மூன்றையும் ஒரே அடைமொழியில் அடைக்க முயலும்போதுதான் அந்தச் செத்த கண் வந்து நிற்கிறது.

‘போல’ போன்று ஒப்புமையைக் காட்டும் உவம உருபுகள் ஆங்கிலத்தில் குறைவு என்பது இன்னொரு சங்கடம். உவம உருபுகளாகத் தொல்காப்பியம் 36 சொற்களை அடுக்குகிறது. ஆங்கிலத்துக்கு அன்றாடம் கைகொடுப்பவை ‘லைக்’கும் ‘ஆஸ்’ஸும்தான். மதுரையைத் தாமரைப் பூவாகக் காட்டும் பரிபாடல் பகுதியில் தெருக்கள் இதழ்கள், அரசன் கோயில் பூவின் நடுவிலுள்ள பொகுட்டு, தமிழ்க்குடிகள் மகரந்தம், பரிசில் பெற வருவோர் அதை உண்ண வரும் பறவைகள். ‘புரையும்’ என்று தொடங்கி ‘அனைய’, ‘அனைத்து’, ‘அனையர்’ என்று ஒப்புமை இதழ் இதழாக விரிகிறது. இத்தனைக்கும் ‘லைக்’ போட்டால் பாட்டு பட்டியலாகிவிடும். நகரம் தாமரை என்பதை ஒரு முறை உவமையாக நிறுத்திவிட்டு, மற்றவற்றை உருவகமாகவே விட்டுவிடுவது ஆங்கிலக் காதுக்கு இயல்பாக இருக்கிறது.

சொல் வரிசை இவை எல்லாவற்றையும்விடக் கடினம். தமிழில் பெரும்பாலும் உவமை முன்னே வரும், பொருள் பின்னே வரும். நண்பரின் கதையில், மகனைப் பற்றிப் பேசும்போது மூதாட்டியின் குரல் நடுங்குவதை, ‘தெப்பத்தன்று வண்டியூர்க் குளத்து நீரில் விளக்கு நடுங்குவது போல அவள் குரல் நடுங்கியது’ என்று எழுதியிருக்கிறார். குளம், இருட்டு, நீரில் ஆடும் ஒளி எல்லாம் கண்ணுக்கு வந்த பிறகே குரல் வருகிறது. ஆங்கிலத்தின் இயல்பான வரிசையில் குரல் முதலில் நடுங்கிவிடுகிறது. விளக்கு பின்னால் ஒட்டுப்போல் தொங்குகிறது. தமிழ் வரிசையிலேயே வைத்தால் பழைய காவிய மொழிபெயர்ப்பின் தொனி வந்துவிடுகிறது; சந்தில் இட்லி விற்கும் ஒருவருக்கு அந்தத் தொனி பொருந்தவில்லை. ஆகவே வாக்கியத்தை இரண்டாக உடைத்தேன். தெப்பத்தன்று குளத்தில் விளக்குகள் நடுங்கும் என்று ஒரு வாக்கியம். அவள் குரலிலும் அதே நடுக்கம் இருந்தது என்று அடுத்தது.

நண்பரிடம் நேற்று இரவு படித்துக் காட்டினேன். இட்லி வரிக்குத் தலையாட்டினார். தெப்ப வரிக்கு மட்டும், “ரெண்டும் ஒரே மூச்சுல வரணும்ணே, நடுவுல புள்ளி வச்சா விளக்கு அணைஞ்சுபோகுது” என்றார். புள்ளியை எடுத்துவிட்டு அரைப்புள்ளி வைத்திருக்கிறேன். அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை.