ரெண்டடி மீன்தொட்டியில் எதோடு எது சேரும்?

சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டில் தொட்டித் தண்ணீர் பெரும்பாலும் 28, 29 டிகிரியில்தான் நிற்கும். மீன் தேர்வை அங்கிருந்து தொடங்குங்கள். கோல்டு ஃபிஷ் குளிர்நீர் மீன், டெட்ரா மாதிரி வெதுநீர்ச் சிறுமீனோடு சேர்க்கவே வேண்டாம். டெட்ராவிலும் நியான் வகையைவிடக் கார்டினல் வகை நம்ம ஊர்ச் சூட்டைத் தாங்கும்.

அடுத்து வாயளவு. காசு அளவில் வாங்கும் ஏஞ்சல் மீன் சில மாதத்தில் உள்ளங்கை அளவாகி, டெட்ராக்களை ஒவ்வொன்றாக விழுங்கும். காலையில் எண்ணிக்கை குறையும், செத்த மீன் கண்ணில் படாது. டைகர் பார்ப் வேறு ரகம். நீளத் துடுப்பைக் கண்டால் கொத்தும். ஃபைட்டர் மீனின் வால் ஓரம் கிழிந்த துணிமாதிரி தெரிந்தால் அன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

60×30×30 செ.மீ. தொட்டிக்கு என் தேர்வு: 10 ஹார்லிக்வின் ரஸ்போரா (நம் வட்டாரத்து மீனேதான்!), அடியில் மேயும் 6 ஸ்டெர்பாய் கோரிடோரஸ் (சுருக்கமாகக் கோரி). கோரிக்கு மெல்லிய மணல் போடுங்கள், கூரான கல்லில் மீசை தேய்ந்துபோகும்.

குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமின், கிருமியைக் கொல்லச் சேர்ப்பது. வாளியில் ஒரு நாள் பிடித்துவைத்தாலும் போகாது, அதை முறிக்கும் ஆன்டி குளோரின் மருந்து கட்டாயம். 16 மீனையும் ஒரே நாளில் விடாதீர்கள், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா ஏறிவிடும். ஃபில்டர் பழகிய பிறகு (அதாவது கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா அதில் வளர்ந்த பிறகு) முதலில் ரஸ்போரா, இரண்டு வாரம் கழித்துக் கோரி.