கோடியக்கரையில் ஓர் இருட்டு இரவு

நாங்கள் போனது மார்கழியில், அமாவாசையை ஒட்டி. நிலா வெளிச்சம் இருந்தால் பறவைக்கு வலை தெரிந்துவிடும், விலகிப் பறந்துவிடும். அதனால், பறவைகள் எங்கே போய் வருகின்றன என்று அறிய அவற்றைப் பிடித்துக் காலில் எண்ணிட்ட வளையம் மாட்டுகிறவர்கள் இருட்டு நாட்களாகப் பார்த்துத்தான் சதுப்புக்குள் இறங்குகிறார்கள். வனத்துறை அனுமதியோடு வந்திருந்த ஆய்வுக் குழுவில் நண்பர் ஒருவர் இருந்தார். அவர் தயவில் எனக்கும் இடம் கிடைத்தது.

வேதாரண்யத்திலிருந்து தெற்கே 10 கிலோமீட்டர் சொச்சம். வழியெல்லாம் உப்பளம். கோடியக்கரை 1967 முதல் சரணாலயம். பகலில் வெளிமான்களைப் பார்த்தோம், தூரத்தில் பூநாரைக் கூட்டம். ஆனால் என் மனசு முழுக்க ராத்திரி வேலையில்தான் இருந்தது.

கணுக்கால் அளவு தண்ணீரில் கம்பு நட்டு, மெல்லிய நைலான் வலையைத் தொய்வாகக் கட்டியிருந்தார்கள். மோதுகிற பறவை அந்தத் தொய்வுப் பையில் விழுந்து கிடக்கும். நனைந்து விறைத்துவிடக் கூடாது என்பதால் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். முதலில் சிக்கியது ஒரு கொசு உள்ளான், சேற்றில் இரை தேடும் மிகச் சிறிய கரைப்பறவை. எந்தப் பக்கமிருந்து உள்ளே வந்தது என்று கண்டுபிடித்து, முதலில் காலை விடுவித்து, அப்புறம் சிறகு, கடைசியில் தலை. நான் விளக்குப் பிடித்ததோடு சரி.

துணிப்பையில் போட்டு எடை பார்த்தார்கள். முப்பது கிராம்கூட இல்லை! சைபீரியாவின் வடகோடித் துந்திரத்தில், அதாவது மரங்களற்ற குளிர்ச் சமவெளியில், முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிற உயிர் இது. கழுத்தை இரண்டு விரல்களுக்கு நடுவே விட்டு, முதுகை உள்ளங்கையில் சாய்த்துப் பிடிக்கிறார்கள். நெஞ்சை மட்டும் அழுத்தவே கூடாது, மூச்சு முட்டிவிடும். தீக்குச்சி போன்ற கறுப்புக் காலில் அலுமினிய வளையத்தை வைத்து இடுக்கியால் மூடினார் நண்பர். அது காலில் தடையின்றிச் சுழல்கிறதா என்று நகத்தால் தள்ளிப் பார்த்த பிறகுதான் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார்.

பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வளையம் அது. பறவையியலாளர் சாலிம் அலி தலைமையில் அந்தக் கழகம் இந்த வேலையைப் பெரிய அளவில் தொடங்கியது 1959இல், உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு. பறவைகள் நோய்க்கிருமிகளைச் சுமந்து வருகின்றனவா என்பதுதான் அன்றைய கேள்வி. பறவையைக் காயமின்றிப் பிடிக்கத் தெரிந்தவர்கள் யார்? பீகாரின் பரம்பரைப் பறவை பிடிப்பவர்கள். அவர்களில் ஒருவரான அலி உசேனின் கைத்திறனைப் பற்றி இன்றும் வியந்து பேசுகிறார்கள். அவரைப் போன்றவர்களுக்கு நம் பறவையியல் பட்டிருக்கும் கடன் பெரியது.

விடியும் நேரத்தில் சிக்கிய ஓர் உள்ளானின் காலில் ஏற்கெனவே வளையம் இருந்தது. உப்புநீர் அரித்து எழுத்து மங்கியிருந்தது. லென்ஸ் வைத்து ஒவ்வோர் எண்ணாகப் படித்தோம். முந்தைய குளிர்காலம் ஒன்றில் இதே கோடியக்கரையில் மாட்டியதுதான். துந்திரம் வரை போய்விட்டு அதே சேற்றுக்குத் திரும்பியிருக்கிறது!

இப்படித் திரும்பக் கிடைப்பவை மிகக் குறைவு. அதனால் மீனவர்களுக்கும் உப்பளத் தொழிலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: செத்த பறவையின் காலில் வளையம் கண்டால் எண்ணைப் படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து, பக்கத்து வனத்துறை அலுவலகத்தில் சொல்லுங்கள். பறவை உயிரோடு இருந்தால் வளையத்தைக் கழற்ற வேண்டாம். எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு பறக்க விட்டுவிடுங்கள்.