ஆற்றோரம் சமதளம்தான், அதுதான் சிக்கல்

காட்டுக்குள் ஏறி இறங்கி, அப்புறம் ஆற்றங்கரைக்கு வந்து கரையோரமாகவே ஓடி முடிக்கிற பாதை ஒன்றைச் சொன்னால், எல்லோரும் முதலில் கேட்பது "ஏற்றம் எவ்வளவு?" என்பதுதான். ஆற்றோரப் பகுதியை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. அது சமதளம்தானே, போய்விடலாம் என்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. இந்த மாதிரிப் பாதைகளில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் ஏற்றம் இல்லை, அந்தச் சமதளம்தான்.

ஏற்றத்தில் நமக்கு நடக்க அனுமதி இருக்கிறது. நீண்ட தூரம் ஓடுபவர்களில் கைதேர்ந்தவர்களே செங்குத்தான ஏற்றம் வந்தால் முட்டியில் கையை ஊன்றி வேகமாக நடக்கிறார்கள். அந்தச் சாய்வில் ஓடினாலும் நடந்தாலும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது, மூச்சு மட்டும் மிச்சமாகும். அப்புறம் இறக்கம் வரும், வேறு தசைகள் வேலை செய்யும், நடுவில் ஒரு மரம் குறுக்கே விழுந்து கிடக்கும், நின்று தாண்ட வேண்டும். காடு நம்மைக் கேட்காமலேயே ஓய்வு கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

ஆற்றங்கரை அப்படி இல்லை. நடப்பதற்கு ஒரு சாக்கும் கிடைக்காது. ஒரே தசை, ஒரே வீச்சு, ஒரே அடி, கிலோமீட்டர் கணக்கில். பாதை தெளிவாக முன்னால் தெரிவதால் வேகம் தானாக ஏறிவிடும், ஏறியது நமக்கே தெரியாது. போதாக்குறைக்கு மணல். ஆறு வளையும் இடத்தில் உள்பக்கம் நீர் மெதுவாக ஓடுவதால் மணலும் வண்டலும் அங்கே படிகின்றன, பாதையும் பல இடங்களில் அந்த மணல்மேல்தான் போகிறது. மணலில் ஓடக் கெட்டியான தரையைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998-ல் அளந்து சொன்னார்கள். சமதளம் என்று நாம் தள்ளிவிட்ட தூரத்தின் ஒரு பகுதிக்கு இந்தக் கணக்கும் சேரும். வளைவின் வெளிப்பக்கத்தில் வேறு பிரச்சினை. அங்கே நீர் கரையை அடியில் அரித்துக்கொண்டே போகும், மேலே புல் பச்சையாக இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது. கரை விளிம்பில் விரிசல் தெரிந்தால் ஓரமாக ஓடாமல் கொஞ்சம் உள்ளே தள்ளி ஓடுவதுதான் நல்லது.

போய்த் திரும்புகிற ஓட்டம் என்றால் ஆற்றுக்கு எதிர்த்திசையில் கிளம்புங்கள் என்பது என் கட்சி. கண்ணுக்குச் சமதளமாகத் தெரிந்தாலும் நீர் ஓடுகிறது என்றால் சரிவு இருக்கிறது என்றுதான் அர்த்தம். போகும்போது அந்தச் சின்ன ஏற்றத்தைப் புதுக்காலோடு வாங்கிக்கொண்டால் திரும்பும்போது சரிவு நம் பக்கம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது இந்தக் கணக்கைக் கெடுக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, காட்டுக்கு வருவோம். ஒற்றையடிப் பாதையில் முக்கால்வாசி வேலை கண்ணுக்குத்தான். கரடுமுரடான தரையில் நடப்பவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று கண் அசைவையும் கால் அசைவையும் சேர்த்துப் பதிவு செய்து ஓர் ஆய்வு 2018-ல் வந்தது. தரை எவ்வளவு மோசமாக இருந்தாலும் அவர்கள் பார்வை சுமார் ஒன்றரை விநாடி முன்னால் கால் வைக்கப்போகிற இடத்தில் இருந்ததாம். நடப்பவர்களை வைத்துச் செய்த ஆய்வுதான், ஆனால் ஓடும்போதும் அந்த ஒன்றரை விநாடியை மனதில் வைத்துக்கொண்டால் உதவுகிறது. வேகம் கூடினால் பார்வை தூரமாகப் போக வேண்டும். காலடியையே பார்த்துக்கொண்டு ஓடுகிறவர் கல்லைப் பார்க்கும்போது கால் ஏற்கெனவே அதன்மேல் இருக்கும். பாதையை விட்டுக் கண்ணை எடுக்க வேண்டுமா, பறவை பார்க்க வேண்டுமா, நின்று பாருங்கள். நிற்பதில் ஒரு கேவலமும் இல்லை.

ஈரமான வேர்தான் காட்டின் உண்மையான எதிரி. ஈரமான பாறையாவது சொரசொரப்பாக இருந்தால் பிடி கொடுக்கும். பட்டை உரிந்து வழுவழுப்பான வேர் எந்த ஷூவுக்கும் மசியாது, அதுவும் பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கிடக்கிற வேர். அதன்மேல் மிதிக்காமல் தாண்டிவிடுங்கள், தாண்ட முடியாவிட்டால் பாதத்தின் நடுப்பகுதியைத் தட்டையாக வைத்து, திசை மாற்றாமல், அழுத்தி உதைக்காமல் கடந்துவிடுங்கள். வழுக்குவது பெரும்பாலும் அந்த உதையில்தான். ஷூவின் அடியில் பெரிய பற்கள் இருந்தால் சேற்றில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஈரப்பாறையிலும் வேரிலும் பற்களைவிட ரப்பரின் மென்மைதான் பேசும். காடும் ஆறும் கலந்த பாதைக்கு நடுத்தரமான பற்கள் போதும் என்பது என் அபிப்பிராயம்.

இறக்கம் பற்றி ஒரு வார்த்தை. மூச்சுக்கு இறக்கம் சுகம்தான். இத்தாலிய ஆய்வாளர் மினெட்டியின் குழு 2002-ல் அளந்தபோது, ஓடுவதற்கு மிகக் குறைந்த ஆற்றல் செலவானது சுமார் 20 சதவீத இறக்கத்தில். ஆனால் தொடை அந்தக் கணக்கைப் படித்ததில்லை. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது, அந்த வகை வேலைதான் தசை நார்களை அதிகம் சேதப்படுத்துகிறது, வலி அன்றைக்கு வராமல் அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ உச்சத்துக்கு வருகிறது. நீளமாகத் தாவி இறங்காமல் சின்னச் சின்ன அடியாக, படபடவென்று வைத்து இறங்கினால் ஒவ்வோர் அடியிலும் விழுகிற பாரம் குறையும். காட்டு இறக்கத்தில் தொடையைச் செலவழித்துவிட்டு ஆற்றோரச் சமதளத்துக்கு வந்து நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அங்கேதான் முதலில் சொன்ன அந்த ஏமாற்று வேலை நடக்கிறது.

அதனால் வேகக் கணக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாம். அடர்ந்த மரக்கூரைக்குக் கீழே கடிகாரத்தின் ஜிபிஎஸ் எப்படியும் தடுமாறும், அடுக்கடுக்கான வளைவுகளைக் குறுக்கே வெட்டித் தூரத்தைக் குறைத்துக் காட்டுவதும் உண்டு. நேரத்தைத் திட்டமிட 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன பழைய விதி இன்னும் உதவுகிறது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அது நடப்பவர்களுக்கான விதி. ஓடுபவர் தன் வேகத்துக்கு முதல் பாதியை மாற்றிக்கொள்ளலாம், ஏற்றத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்கு என்கிற புத்திதான் முக்கியம். ஓடும்போது பேச முடிகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். முழு வாக்கியம் வந்தால் சரி, வார்த்தை வார்த்தையாக வந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனை ஏற்றத்தில் யாருக்கும் நினைவு வரும், தேவைப்படுவது ஆற்றோரத்தில்.

குட்டை தேங்கிக் கிடந்தால் சுற்றிப் போகாமல் நடுவில் போங்கள். எல்லோரும் ஓரமாகச் சுற்றினால் ஓரத்துச் செடிகள் செத்து, பாதை அகலமாகி, அடுத்த மழைக்குக் குட்டையும் அகலமாகும். ஷூ நனையத்தான் போகிறது. நீர் புகாத ஷூ வாங்கி இதைத் தவிர்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: மேல் வழியாக உள்ளே போன தண்ணீர் அப்புறம் வெளியேயும் வராது. சீக்கிரம் வடிகிற மெல்லிய வலை ஷூவும், பருத்தி இல்லாத காலுறையும் போதும்.

ஆற்றை இறங்கிக் கடக்க வேண்டிய பாதை என்றால் விஷயமே வேறு. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளுகிற விசை நான்கு மடங்காகிறது. முட்டி ஆழம்தானே என்பது பதில் இல்லை. கலிஃபோர்னியாவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1974-ல் கோர்டி ஐன்ஸ்லி என்பவர், குதிரைகளுக்கான பந்தயப் பாதையைத் தானே காலால் ஓடி 24 மணி நேரத்துக்குள் முடித்ததில் தொடங்கிய கதை அது. அதில் சுமார் 78-வது மைலில் அமெரிக்கன் ஆற்றைக் கடக்க வேண்டும். அத்தனை மைல் ஓடிவந்த தேர்ந்த ஓட்டக்காரர்களுக்கே அங்கே கரைக்குக் கரை கம்பிவடம் கட்டி, தண்ணீருக்குள் ஆட்களை நிறுத்தி வைக்கிறார்கள், தண்ணீர் அதிகமான வருடங்களில் ரப்பர் படகில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். நமக்குக் கம்பிவடமும் கிடையாது, ஆளும் கிடையாது. அடி தெரியாத கலங்கல் நீர், மிதந்து வருகிற கிளைகள், தண்ணீருக்கடியில் கற்கள் உருளும் சத்தம், இதில் எது இருந்தாலும் திரும்பிவிட வேண்டியதுதான். கடந்தே ஆக வேண்டும் என்றால் முதுகுப்பையின் வார்களை முதலில் அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பையைக் கழற்றி எறிய முடியும்.

இன்னொன்று, மழை நம் தலைமேல் பெய்ய வேண்டும் என்பதில்லை. மேலே எங்கோ பெய்த மழை, வெயில் அடிக்கிற இடத்துக்கு வந்து சேரும். அதனால் போகும்போது கடக்கிற இடத்தில் நீர் தொடுகிற ஒரு கல்லையோ வேரையோ பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அது மூழ்கியிருந்தால் தூரத்தைப் பற்றி யோசிக்காமல் பாலம் இருக்கிற வழியைத் தேடுங்கள். அந்த மாற்று வழி எது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே வரைபடத்தில் பார்த்திருக்க வேண்டும், காட்டுக்குள் சிக்னல் கிடைக்கும் என்று நம்பாதீர்கள்.