குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு சேர்க்கும்போது
புரூடரில் (குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் கூண்டு) முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறையுங்கள். குஞ்சுகள் பல்புக்கு அடியில் குவிந்தால் அவற்றுக்குக் குளிர்கிறது. ஓரம் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு அதிகம்.

8 வாரத்துக்கு முன் பெரிய கோழிகளோடு விட்டால் குஞ்சுகள் கொத்து வாங்கியே சாகலாம். 2 வாரம் நடுவே கம்பிவலை கட்டிப் பார்த்துப் பழகவிட்டு, ஒருநாள் இருட்டியதும் அடையும் கம்பில் ஏற்றிவிடுங்கள். ஒற்றைக் குஞ்சாக விடவே கூடாது. தீனியும் தண்ணீரும் இரண்டு இடங்களில் இருக்கட்டும்.

பலரும் கோட்டைவிடுவது தீவனத்தில்தான். முட்டைக்கோழித் தீவனத்தில் உள்ள அதிகக் கால்சியம் குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் குரோயர் (வளரும் கோழிகளுக்கான) தீவனமே போட்டு, முட்டையிடுபவற்றுக்குக் கால்சியத்துக்காகக் கிளிஞ்சல் தூளைத் தனியாக வையுங்கள். ரத்தம் கசியும் குஞ்சை உடனே பிரித்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை விடாது.