பேராதனையா யாழ்ப்பாணமா: தமிழும் சமஸ்கிருதமும் படிக்கப் போகிறவர்களுக்கு

உயர்தரப் பெறுபேறு வந்த வாரம் எங்கள் லயத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: "தமிழ் படிச்சு என்னம்மா செய்யப் போற?" டீச்சர் வேலை என்று சொன்னால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். பேராதனைப் பல்கலைக்கழகமா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமா, எங்கே படிப்பது என்பதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. பாடசாலையில் தமிழ் படிப்பித்த சேர், "தமிழென்றால் யாழ்ப்பாணம்தான், யோசிக்காதே" என்றார். அம்மாவுக்குத் தெரிந்த ஒரே விஷயம், அட்டனில் கண்டி பஸ் ஏறினால் அது பேராதனை வழியாகப் போகும் என்பது. யாழ்ப்பாணத்துக்கோ கண்டிக்கு அப்பால் ஏ9 வீதியில் இன்னும் 300 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். விண்ணப்பத்தில் யூனிகோட் வரிசை, அதாவது எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடநெறி என்று விருப்பப்படி வரிசைப்படுத்தும் குறியீடுகளை, எழுதும்போது அம்மாதான் வென்றார்.

நான் அதற்காக வருத்தப்படவில்லை. ஆனால் பஸ் வசதியை வைத்துத் தீர்மானித்தது சரியான முறை இல்லை என்று இன்றைக்குச் சொல்வேன். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதும் அதே அளவுக்குத்தான் உதவும். நான் பார்க்கச் சொல்வது ஒன்றை: அங்கே வகுப்பில் மூலநூல் திறக்கப்படுகிறதா, இல்லை குறிப்பு மட்டும் சொல்லி எழுத வைக்கிறார்களா?

இதை எப்படிக் கண்டுகொண்டேன் என்றால், உயர்தரத்துக்கு நான் போன டியூஷன் வகுப்பு முழுக்க நோட்ஸ். எந்த வகுப்பு என்பது வேண்டாம். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு, 'நிலத்தினும் பெரிதே' என்று தொடங்குமே, அதற்கு என் கொப்பியில் இருந்தது நான்கு வரி: திணை குறிஞ்சி, கூற்று தலைவி கூற்று, கருப்பொருள் குறிஞ்சிப்பூ, தேன், கருத்து நட்பின் பெருமை. பரீட்சைக்கு அது போதுமாக இருந்தது. பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் அதே பாட்டு வந்தபோது, தெரிந்த பாட்டுத்தானே என்று பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். விரிவுரையாளர் கேட்டார்: "பெருந்தேன் இழைக்கும் என்கிறதே, இழைப்பது யார்?" வண்டு என்றோம். "எங்கே இருக்கிறது வண்டு, காட்டுங்கள்." பார்த்தால் பாட்டில் அப்படி ஒரு சொல்லே இல்லை! அங்கே பிடித்து, 'கருங்கோல்' ஏன் கரியது, முதலில் நிலத்தையும் வானத்தையும் கடலையும் அளந்தவள் கடைசியில் ஏன் ஒரு பூவில் வந்து நிற்கிறாள் என்று ஒரு மணித்தியாலம் போனது. ஹோட்டன் சமவெளியில் கூட்டமாகப் பூக்கும் நெலுவும் இந்தக் குறிஞ்சியின் இனம்தான் என்பதையும் அன்றைக்குத்தான் அறிந்தேன். மலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதை ஒரு பாட்டு வந்து சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே விண்ணப்பிக்கும் முன் அங்கே படிக்கும் அக்கா, அண்ணா யாரையாவது பிடித்து, இந்தத் தவணையில் எந்த நூலை வகுப்பில் வரிவரியாக வாசித்தீர்கள் என்று கேளுங்கள். நூலின் பெயர் உடனே வந்தால் நல்லது. "நோட்ஸ் தருவாங்க, பயப்படாத" என்று பதில் வந்தால் கொஞ்சம் பயப்படுங்கள்.

அடுத்தது, நம் பிள்ளைகள் அடிக்கடி குழம்பும் இடம். இந்து நாகரிகம் வேறு, சமஸ்கிருதம் வேறு. கிரேக்க உரோம நாகரிகம் வேறு, கிரேக்க மொழி, இலத்தீன் மொழி வேறு. நாகரிகப் பாடத்தை மொழிபெயர்ப்பை வைத்தே படித்துவிடலாம். மொழிப் பாடம் என்றால் 'ராம' என்ற ஒரு சொல்லுக்கே எட்டு வேற்றுமை, மூன்று எண் என்று 24 வடிவங்களை வாயில் போட்டு உருட்ட வேண்டும். முதல் தவணையில் அழுதுவிட்டேன். சந்தி விதிகள் வந்தபோதுதான் மூச்சு வந்தது, நம் தமிழ் இலக்கணத்தின் புணர்ச்சி விதிகளுக்குச் சொந்தக்காரர் மாதிரி இருந்ததால். பின்னால் ஆய்வு செய்யும் எண்ணம் இருப்பவர்கள் மொழியையே எடுங்கள்.

சரி, பேராதனையா யாழ்ப்பாணமா? பேராதனையில் தமிழ்த்துறை இருக்கும் அதே பீடத்தில் சமஸ்கிருதம் போன்ற பழைய மொழிகளுக்கான செம்மொழிகள் துறையும் இருக்கிறது. அதன் பயன் சின்னது இல்லை. அங்கே தமிழ் படித்த இலக்கிய விமர்சகர் கைலாசபதி, பிறகு பர்மிங்ஹாமில் கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்து, சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டார். 1968இல் அது ஒக்ஸ்ஃபோர்ட் வெளியீடாக வந்தது. அதே கைலாசபதிதான் 1974இல் யாழ்ப்பாண வளாகம் (இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்) தொடங்கியபோது அதன் முதல் தலைவர். அதனால் இரண்டு இடங்களையும் எதிரெதிர்க் கட்சியாகப் பார்ப்பது எனக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் யாழ்ப்பாணத்துக்கு ஒரு தனிப் பலம் உண்டு. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை சிறுப்பிட்டிக்காரர். உரைநூல்களைச் சொல் சொல்லாகப் பாடம் கேட்கும் பழக்கம் அந்த மண்ணில் நீண்டது. இலக்கணத்திலும் உரையிலும்தான் ஆசை என்றால் தூரத்தைப் பார்க்காமல் போங்கள். தமிழோடு இன்னொரு செம்மொழியையும் வைத்து ஒப்பிட ஆசை என்றால் பேராதனை.

மொழிமூலத்தையும் முன்பே விசாரியுங்கள். தமிழில் உயர்தரம் எழுதியவர், தான் எடுக்கும் சமஸ்கிருத வகுப்பு எந்த மொழியில் நடக்கும் என்று கேட்காமல் போய் உட்காரக் கூடாது. நான் கேட்காமல்தான் போனேன். சிங்களத் தோழி ஒருத்தி கன்டீனில் பிளேன்டீயோடு உட்கார்ந்து திரும்பச் சொல்லித் தராவிட்டால் அந்தப் பாடத்தை விட்டிருப்பேன். எடுக்க நினைக்கும் மூன்று பாடங்களின் நேரசூசியும் மோதாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பல்கலைக்கழக அனுமதிக்கு வேண்டிய இசட் புள்ளி காணாதவர்களுக்கு வெளிவாரிப் பட்டம் இருக்கிறது. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்குப் போய் ஆசிரியராகிவிட்டு, வேலை பார்த்துக்கொண்டே பட்டம் முடித்தவர்களும் எங்கள் பக்கத்தில் உண்டு. தனியாக வாசிக்கும் பொறுமை இருந்தால் அதுவும் நல்ல வழிதான்.

கடைசியாகக் காசு. மகாபொல புலமைப்பரிசில் எல்லாருக்கும் தெரியும். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று 1947இல் தொடங்கிய கல்வி நிதியம் ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. கண்டியில் உள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் விசாரிக்கலாம். அம்மாவோ அப்பாவோ தோட்டத்தில் வேலை செய்வதற்கான கடிதம் ஒன்று தேவைப்படும். அந்த ஒரு தாளுக்காக நான் தோட்டக் காரியாலயத்துக்கு மூன்று தரம் நடந்தேன், மூன்றாம் தரம் அம்மா அரைநாள் சம்பளத்தை விட்டுக் கூட வந்தார். பெறுபேறு வரும் வரை காத்திருக்காமல் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.